தம்பி வாங்கிக் கொடுத்த போன்

கறிவேப்பிலைத் தழையை ஈரத்தோடு கட்டக் கூடாது. கட்டினால் பாலக்காடு போய்ச் சேர்வதற்குள் மூட்டைக்குள்ளேயே வெந்து கறுத்துவிடும். அதனால் அந்த ஐப்பசியில் காரமடைப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அரிவாளை எடுத்தார்கள். கருப்பாத்தாளும் பதினோரு மணிவரை காத்திருந்து, மலைமேல் மூட்டம் விலகின பிறகுதான் நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள். ஒன்றரை ஏக்கர் கறிவேப்பிலைக் காடு. புருஷன் தம்பிதுரை மாரடைப்பில் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதிலிருந்து தண்ணீர் கட்டுவதும், ஆள் கூப்பிடுவதும், மண்டிக்காரனோடு மல்லுக்கட்டுவதும் அவள்தான்.

இரண்டு வரிசை வெட்டி முடிப்பதற்குள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மதுக்கரை விமலாராணி.

"அக்கா, வர்ஷினி நல்லாருக்குதுங்க. மொதல்ல அதைச் சொல்லிப்போடறேன், பதறாதீங்க."

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"காத்தால அந்தப் பையன் வந்துட்டானுங்க. நவநீதன். காருல, கூட ரெண்டு ஆளுங்களோட. நம்ம கேட்டுக்கே வந்துட்டானுங்க."

கருப்பாத்தாள் கையிலிருந்த கொத்தைக் கீழே போட்டாள். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த அம்புஜம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்புஜம், தழைக்கட்டை எண்ணி வண்டியில ஏத்தியுட்டுரு. நான் கோயமுத்தூரு போயிட்டு வாரேன்."

"இந்தக் கோலத்துலயாங்க்கா? சீலையெல்லாம் தழைக் கறை."

"கெடக்குது போ."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த அத்தனை தூரமும் அவள் மனசில் ஒரே கேள்விதான் ஓடியது. அந்த வீடு அவனுக்கு எப்படித் தெரிந்தது?

மகள் வர்ஷினியை ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த குடும்பத்தில் நவநீதனுக்குக் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம். பார்த்து, பேசி, முன்னால் நின்று முடித்து வைத்தவன் கருப்பாத்தாளின் தம்பி மோகன்குமார். முதல் வருஷமே கன்னத்தில் வீக்கத்தோடு ஒருதரம் வந்தாள். அப்போது மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை எட்டுப் பேர் வந்து வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் உட்கார்ந்தார்கள். மோகன்குமார் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசி, இனிமேல் இப்படி நடக்காது என்று மாப்பிள்ளையைச் சொல்ல வைத்து, அன்றைக்குப் பொழுதோடே அவளைக் காரில் ஏற்றிவிட்டான். இரண்டாவது தரம் அடி இடது காதில் விழுந்தது. வர்ஷினி ஈரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மதுக்கரைக்கு பஸ் ஏறிவிட்டாள். காலேஜில் கூடப் படித்த கரோலினின் வீடு அங்கே. கரோலினும் அவள் அம்மா விமலாராணியும் மட்டும்தான். விமலாராணி சர்ச்சுக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பின்னாலிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வர்ஷினி ஒரு பல் டாக்டரிடம் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

இது கருப்பாத்தாளுக்கு மட்டும்தான் தெரியும். கூடப்பிறந்த தம்பியிடம்கூட அவள் சொல்லவில்லை. அது அவளுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. தம்பிதுரை செத்த அன்றைக்குப் பாடை கட்டியதிலிருந்து, பத்திரம் பேர் மாற்ற அலைந்ததுவரை எல்லாம் செய்தவன் அவன். மேட்டுப்பாளையத்தில் மோட்டார் பம்பு கடை. கிணற்று மோட்டார் நின்றால் கடையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு வருவான். கல்யாணத்தின்போது பெரிய போன் ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் அவனே போட்டுக் கொடுத்தான். "நீங்க அமுத்திப் பேசுனாப் போதுங்கக்கா. மத்ததையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மதுக்கரைக்குப் போயிருக்கும்போது அவன் கூப்பிடுவான். "எங்கக்கா இருக்கீங்க?" "கோயிலுக்கு வந்தேன் தம்பி." "சேரி சேரி. பெருமாளை நல்லாக் கும்பிட்டுட்டு வாங்க." போனை வைத்த பிறகு, பொய் சொன்ன வாயைப் பெருமாள்தான் மன்னிக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மதுக்கரையில் இறங்கும்போது மூன்று மணி. தூறலில் சிமிட்டி ஆலைத் தூசி படிந்த மரங்களெல்லாம் சாம்பல் வழிந்துகொண்டு நின்றன. கேட்டின் ஒரு கீல் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. விமலாராணி கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்கக்கா. நனைஞ்சுட்டீங்களே."

வர்ஷினி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கருப்பாத்தாள் பக்கத்தில் போய் அவள் தலையைத் தொடப்போனாள். வர்ஷினி தலையை நகர்த்திக்கொண்டாள்.

"ஆருகிட்டச் சொன்னீங்மா?"

"ஆருகிட்டயும் சொல்லுல கண்ணு."

"மாமாகிட்ட?"

"சத்தியமா இல்ல அம்மணி. அவனுக்கே தெரியாது."

"அப்ப வந்தவனுக்கு எப்புடித் தெரிஞ்சுதுங்மா? இந்த ஊடு தெரியுது. நான் ஒம்போதரைக்கு வேலைக்குக் கெளம்பறது தெரியுது. கேட்டைப் புடிச்சுக்கிட்டு என்ன கேட்டான் தெரியுங்களா? 'ஞாயித்துக்கெழம உங்கம்மா கொண்டாந்த கொள்ளுப் பருப்பு நல்லாருந்துச்சா'ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டே கேட்டான். நீங்க சொல்லுலீன்னா காத்து போயிச் சொல்லுச்சுங்களா?"

கருப்பாத்தாள் கொள்ளுப் பருப்பு கொண்டு வந்தது நிஜம். தூக்குப்போசியில் ஊற்றி, மூடிக்குத் துணி கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த நான்கு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

விமலாராணி இடையில் வந்தாள். "அக்காவைப் போட்டு ஏன் வர்ஷினி... அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க."

"எனக்குத் தெரியலீங்க ஆன்ட்டி. எனக்கு இப்ப ஆரையும் தெரியல." வர்ஷினி கதவைக் காட்டினாள். "அவன் கேட்டை ஆட்டறப்ப நான் இந்தக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'நாம அம்மாவுக்குத் தெரிய இங்கெ வந்திருக்கவே கூடாது'ன்னு நெனச்சனுங்க. பெத்த அம்மாவைப் பத்தி."

அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றதும்தான் நவநீதன் காரில் ஏறினானாம். போலீஸுக்குச் சொல்லி ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போயிருந்தார். 'நாலு நாள்ல வாரேன், பொட்டியைக் கட்டி வெக்கச் சொல்லுங்க' என்று அவன் சொல்லிவிட்டுப் போனதையும் எழுதிக்கொண்டாராம்.

விமலாராணி தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து கருப்பாத்தாள் முன்னால் வைத்தாள். அவள் கை நனைக்கவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே, எந்த வாய்ப்பேச்சில் தவறவிட்டோம் என்று தன்னையே துழாவினாள். அம்புஜத்திடமா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பொம்பளையிடமா? ஒன்றும் பிடிபடவில்லை.

நான்கரைக்குக் கரோலின் வந்தாள். ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அவள் பொறுப்பில் இருந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

போனில் எங்கெங்கோ தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறுவதைக் கருப்பாத்தாள் கவனித்தாள்.

"இந்த போனுக்கு ஈமெயில் யாரு போட்டது?"

"எந்தம்பி. எனக்கு ஈமெயில் எல்லாம் ஏது கண்ணு? அவனுதே போட்டுட்டேன்னான்."

"போட்டோ எடுப்பீங்களா?"

"எப்பவாச்சும். போன ஞாயித்துக்கெழம அம்மணியைக் கேட்டுகிட்ட நிக்க வெச்சு ஒண்ணு எடுத்தேன். அவ உக்காந்து தட்டுல சாப்புட்டதை ஒண்ணு எடுத்தேன். ஆருக்கும் அனுப்பறதுக்கில்ல. ஊட்ல இருக்கறப்ப நான் பாத்துக்கறதுக்கு."

கரோலின் கட்டிலில் உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, போன் உங்க கையில இருக்குது. ஆனா உள்ள ஓடற ஈமெயில் கணக்கு உங்க தம்பியோடது. நீங்க எடுக்கற போட்டோ எல்லாம் தானாவே அவருகிட்டப் போயிரும். கேட்டுப் போட்டோவுல வீட்டு நம்பர் இருக்குது, பின்னால சர்ச் கோபுரம் தெரியுது. நீங்க எங்க போறீங்க, எவ்வளவு நேரம் நிக்கறீங்கங்கறதும் அவருக்கு மேப்புல தெரியும். அப்பறம் இது..." ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். "உங்க வாட்ஸப் இன்னொரு கம்ப்யூட்டர்ல திறந்து கெடக்குது. ரெண்டு வருசமா. இன்னிக்குக் காலையில பத்து மணிக்குக்கூட அதுல பாத்திருக்காங்க."

"நான் பேசறதெல்லாமா?"

"கூப்புட்டுப் பேசறது போகாது. வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போகும். நீங்க அனுப்புனது, உங்களுக்கு வந்தது, எல்லாம்."

கருப்பாத்தாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அம்மாவும் மகளும் எல்லாவற்றையும் வாய்ஸில்தான் பேசிக்கொண்டார்கள். மூன்று மாதமாக அவள் என்னென்ன பேசினாள் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தம்பி பெண்டாட்டியின் வாய்த்துடுக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். தம்பிதுரையின் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்ததைச் சொல்லி அழுதிருக்கிறாள். ஆவணியில் தீட்டு நிற்காமல் இருபது நாள் போனதை, துணி மாற்றி மாளவில்லை என்பதை, டாக்டரம்மா கருப்பையைப் பற்றிச் சொன்னதை, மகளிடம் மட்டும் சொல்லக்கூடியதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். கூடப்பிறந்தவனே ஆனாலும் ஆண்பிள்ளை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அப்படியும் மூடினது போலவே இல்லை.

வர்ஷினி எழுந்து வந்து போனை வாங்கினாள். சமையலறைக்குக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். வந்தவள் அம்மாவின் முன்னால் ஆறிக்கிடந்த தட்டை எடுத்து, சோற்றை மாற்றிப் போட்டு, சூடாகக் குழம்பு ஊற்றி வைத்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கருப்பாத்தாளுக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"இப்பவே அதையெல்லாம் எடுத்துப்போடு கண்ணு" என்றாள் கரோலினிடம்.

"இப்ப வேண்டாம் ஆன்ட்டி. எடுத்தா அந்த நிமிசமே அவருக்குத் தெரிஞ்சிரும். நாம கண்டுபிடிச்சுட்டோம்னு தெரிஞ்சா அவங்க இன்னிக்கே திரும்பி வந்தாலும் வருவாங்க. மொதல்ல எல்லாத்தையும் போட்டோ புடிச்சு வெச்சுக்கறேன், சாட்சிக்கு. அப்பறம் வர்ஷினியை இங்கிருந்து மாத்தணும். அதுக்கப்பறம் மத்ததைப் பாக்கலாம்."

"எங்க மாத்தறது?" என்றாள் விமலாராணி.

"எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு. பொம்பளைங்க மட்டும் இருக்கற இடம். அங்க..."

"நிறுத்து கண்ணு." கருப்பாத்தாள் எச்சில் கையை உயர்த்தினாள். "எனக்குச் சொல்லாத."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியவே வேண்டாம். இத்தன நாளா எங்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போனதே எனக்குத் தெரியல. நாளைக்கு ஒறம்பரையெல்லாம் வந்து உக்காந்து நோண்டுவாங்க. எனக்குத் தெரிஞ்சா என்ற மூஞ்சியே சொல்லிப்போடும். தெரியலீன்னாத்தான் தெரியலீன்னு சொல்ல முடியும்."

"அம்மா..." என்றாள் வர்ஷினி.

"பத்தரமா இருந்தாப் போதும் சாமி. எங்கெ இருந்தா என்ன."

வெள்ளிக்கிழமை காலையில் வர்ஷினியைக் கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. அந்த நேரத்தில் போன் தோட்டத்தில் இருக்க வேண்டும், போனோடு கருப்பாத்தாளும் இருக்க வேண்டும், தம்பி கூப்பிட்டால் எடுத்துப் பேச வேண்டும் என்றாள் கரோலின். ஆகவே மகளை வழியனுப்பக்கூட அவளால் போக முடியாது. அன்றைக்கே கேட்டுக்கு உள்பக்கம் நின்று வர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இடது பக்கமாக நின்று ஏதோ சொன்னாள். அது அவளுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் வலது பக்கம் வந்து மறுபடி சொன்னாள். "வேளைக்குச் சாப்புடு."

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. நல்ல வெட்டு நாள். கருப்பாத்தாள் முதல் ஆளாக இறங்கி வெட்டினாள். யாரோடும் பேசவில்லை. இடுப்பில் போன் கனத்தது. தேளை மடியில் கட்டிக்கொண்டு நடப்பது போல இருந்தது. எட்டரை ஆகியிருக்கும், இந்நேரம் கிளம்பியிருப்பாள். ஒன்பது, இந்நேரம் ஊரைத் தாண்டியிருப்பாள். எந்தப் பக்கம் என்று தெரியாததால் நினைப்பு எந்தப் பக்கமும் போக முடியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்பதேகாலுக்குப் போன் அடித்தது. மோகன்குமார்.

"எங்கக்கா இருக்கீங்க?"

"காட்டுல தம்பி. தழை வெட்டறோம்."

"ஆமாமா. வெட்டுங்க வெட்டுங்க. வெயிலடிக்கறப்பவே வெட்டிப்போடுங்க."

அந்த 'ஆமாமா'வை அவள் அதற்கு முன்னாலும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். அதற்கு அர்த்தம் இன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் கேட்டதெல்லாம் தெரிந்துகொள்வதற்காக இல்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். ஏழு ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானம் அம்புஜத்தின் போனுக்கு விமலாராணி கூப்பிட்டாள். "முடிஞ்சுதுங்கக்கா" என்று ஒரே வார்த்தை. கருப்பாத்தாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அம்புஜம் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் போலீஸில் புகார் கொடுத்தார்கள். வர்ஷினியின் பெயரில் புகார். கருப்பாத்தாள் சாட்சி. எழுதிக்கொண்ட பெண் போலீஸ், "தகவல் சொன்னவர் உங்களுக்கு என்ன உறவும்மா?" என்று கேட்டபோது, "கூடப்பொறந்தவனுங்க. எனக்கு அவன் ஒருத்தன்தானுங்க" என்றாள். ஒரு வார்த்தை கேட்டதற்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டோமோ என்று பிறகு பட்டது. போனை வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டியதைப் பதிவு செய்துவிட்டு இரண்டு நாளில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள்.

அங்கிருந்து கரோலின் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் கருப்பாத்தாள் மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறினாள்.

கடையில் மோகன்குமார் மட்டும் இருந்தான். மேசைமேல் கழற்றிப்போட்ட மோட்டார். சுருள் சுருளாகச் செம்புக் கம்பி. ஓரத்தில் கம்ப்யூட்டர்.

"வாங்கக்கா. என்ன திடீர்னு? ஒரு போன் பண்ணிருந்தா நானே வந்திருப்பனல்லொ?"

"நான் கெளம்பி வாரது உனக்குத் தெரியலியா தம்பி? இன்னிக்குப் போனு எங்கிட்ட இல்ல, அதான்."

அவன் கையிலிருந்த இடுக்கியை மெதுவாக வைத்தான். பிறகு எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க. காப்பி சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"சேரிங்கக்கா. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் சொன்னேன். மாப்ள நாலு தடவ இங்கெ வந்தாரு. அந்த பெஞ்சுல உக்காந்து அழுதாரு. ஒரு ஆம்பள அழுகறதைப் பாத்துட்டு எப்புடிங்க்கா சும்மா இருக்கறது?"

"எம் பொண்ணு அழுததைப் பாத்துட்டுச் சும்மா இருந்தியே."

"அப்புடிப் பேசாதீங்க. அவ எனக்குப் புள்ளையாட்டத்தான். நான் முன்ன நின்னு செஞ்ச கல்யாணம். ஈரோட்டுப் பக்கம் நான் போனா, 'உங்க புள்ளை எங்கெ'ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்? தாய்மாமனுக்கே தெரியாதுன்னு சொல்லட்டுமா?"

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா அது உண்மையா இருந்திருக்குமே. நீ எப்புடித் தெரிஞ்சுக்கிட்ட?"

"உங்களுக்குப் போனைப் போட்டுக் குடுத்தப்ப, பத்தரத்துக்குன்னுதான் வெச்சேன். நீங்க தனியாக் காட்டுல கெடக்கறீங்க. பாம்பு கீம்பு கடிச்சா, மயங்கி உழுந்தா, எங்கெ இருக்கீங்கன்னு ஆருக்குத் தெரியும்? கெட்ட எண்ணத்துல வெக்கலீங்க்கா."

"எங்கிட்டச் சொல்லிட்டு வெச்சியா?"

"சொன்னா உங்களுக்குப் புரியுங்களா அதெல்லாம்?"

"மூணே வார்த்தையில கரோலின் சொல்லுச்சு. எனக்குப் புரிஞ்சுது."

அவன் முகம் இறுகியது. இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததை எடுப்பவன் போலச் சொன்னான். "நீங்க மட்டும் எங்கிட்ட உண்மையாவா இருந்தீங்க? கோயில்ல இருக்கேன், கோயில்ல இருக்கேன்னு ஏழு வாரம் சொன்னீங்க. மேப்புல புள்ளி மதுக்கரையில நிக்குது, நீங்க பெருமாளைக் கும்புடறேங்கறீங்க. நான் ஒரு வார்த்த கேட்டனா? எனக்கு எப்புடி இருந்திருக்கும்? அக்கா என்னை நம்புலியேன்னு ஊட்ல வந்து சோறு திங்காம படுத்தேன்."

அவன் கண் கலங்கியிருந்தது நிஜம். சின்ன வயதில் அம்மை போட்டுக் கிடந்தபோது அவள் வேப்பிலையால் வருடிவிட்ட அதே முகம்.

"பொய்தான் சொன்னேன் தம்பி. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லு. ஆஸ்பத்திரில இருந்து வர்ஷினி எனக்கொரு பேச்சு அனுப்புனா. அதைக் கேட்டியா?"

அவன் செம்புக் கம்பியை விரலில் சுற்றினான். "எல்லாத்தையும் கேக்குலீங்க்கா."

"அதைக் கேட்டியா?"

"...கேட்டேன்."

"'அம்மா, ஒரு பக்கம் ஒண்ணுமே கேக்கறதில்லீங்மா, உள்ளுக்குள்ள தண்ணி ஓடறாப்புல இரையுதுங்மா'ன்னு சொல்லும். நடுவுல பேச முடியாம நிறுத்தும். அதைத்தான?"

"ம்."

"அதைக் கேட்டுப்போட்டுமா அவனுக்கு வழி சொன்ன?"

அவன் விரலில் சுற்றின கம்பியை அவிழ்த்தான். "புருசன் பொண்டாட்டின்னா நாலும் இருக்குங்க்கா. காது சேரியாப் போயிரும்னு டாக்டரு சொன்னாருன்னு மாப்ள சொன்னாரு."

கருப்பாத்தாள் அவனையே பார்த்தாள். அடித்தவன் சொன்னதை நம்பியிருக்கிறான். அடிபட்டவள் குரலைத் தன் காதால் கேட்டும் நம்பவில்லை. கோபம் வரும் என்று நினைத்து வந்திருந்தாள். வந்தது வேறு ஏதோ. ஆறு வருஷமாகச் சாய்ந்துகொண்டிருந்த சுவர் அங்கே இல்லை என்று முதுகுக்குத் தெரிவது போல இருந்தது.

"என்னுதையும் கேட்டியா? என் ஒடம்புக்கு ஆனது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குப் புரட்டாசியில் நடந்தது நினைவுக்கு வந்தது. அவன் பெண்டாட்டி வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே, 'டாக்டரம்மா என்னங்க்கா சொன்னாங்க? எடுத்துப்போடச் சொன்னாங்களா?' என்று கேட்டாள். அப்போது அது ஏதோ அக்கறை என்றுதான் நினைத்தாள். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

எழுந்தாள்.

"போலீசுல எழுதிக் குடுத்தாச்சு. உன்னையும் கூப்புடுவாங்க. அங்கெ வந்து இதையேதான் சொல்லு."

"எம்மேலயா? கூடப்பொறந்தவன் மேலயாங்க்கா?"

"ஆமா."

"நான் உங்களுக்கு என்னென்ன செஞ்சிருக்கேன்..."

"செஞ்ச தம்பி. அத்தனையும் செஞ்ச. அதனாலதான் நீ குடுத்த போனை எதுவும் கேக்காம வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன்."

அவன் பின்னாலேயே வாசல்வரை வந்தான். "அவ எங்கெங்க்கா இப்ப?" என்று கேட்டான். பழக்கத்தில் கேட்டானோ, அக்கறையில் கேட்டானோ. கருப்பாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். மகளைப் பற்றி அவனிடம் பல வாரத்துக்குப் பிறகு சொன்ன உண்மை அது. அவன் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

போலீஸில் அவனையும் நவநீதனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நவநீதன் வர்ஷினி இருக்கும் இடத்துக்கோ வேலை இடத்துக்கோ போகக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்க ஒரு மாதம் ஆயிற்று. சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. தம்பியை ஸ்டேஷன் ஏற வைத்தவள் என்பதுதான் பேச்சானது. எழவு வீட்டில்கூட அவள் பக்கத்தில் பாயில் உட்கார யோசித்தார்கள். ஒரு பெரியம்மா நேரிலேயே கேட்டாள், "போனுல பாத்ததெல்லாம் ஒரு குத்தமா அம்மணி? அவன் என்ன கையைப் புடிச்சா இழுத்தான்?" கருப்பாத்தாளுக்கு அதை விளங்கவைக்கத் தெரியவில்லை. "உங்க பொட்டியைத் திறந்து ஒருத்தன் தெனமும் பாத்தான்னா உட்டுருவீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

கார்த்திகையில் கிணற்று மோட்டார் காயில் எரிந்துவிட்டது. போனை எடுத்தவள், விரல் தானாகத் தம்பி பெயருக்குப் போனதைப் பார்த்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டாள். காரமடையிலிருந்து கரீம் என்பவர் வந்து கழற்றிக்கொண்டு போனார். இரண்டு நாள் தழைக்குத் தண்ணீர் இல்லை.

போன் அதே போன்தான். கரோலின் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்து, கருப்பாத்தாள் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தாள். திறக்கும் எண்ணை மட்டும் அவளையே போடச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். "எனக்கும் தெரியக் கூடாது ஆன்ட்டி." கருப்பாத்தாள் ஆறு எண்ணை அமுத்தினாள். யாருடைய பிறந்த நாளும் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை. அவளுக்கே தோன்றிய ஆறு எண்.

வர்ஷினி இந்த நாள் என்று இல்லாமல் கூப்பிடுவாள். சில வாரம் இரண்டு தரம். சில வாரம் ஒன்றுமே இருக்காது. எங்கே இருக்கிறாய் என்று கருப்பாத்தாள் கேட்பதில்லை. கேட்காமல் பேசுவது எவ்வளவு சிரமம் என்பது பேசப் பேசத்தான் தெரிந்தது. என்ன சாப்பிட்டாய் என்றால் ஊர் தெரிந்துவிடும். வேலைக்கு எப்படிப் போகிறாய் என்றால் தூரம் தெரிந்துவிடும்.

மார்கழிக்கு முன்னால் ஒருநாள் பொழுதோடு கூப்பிட்டாள். தோட்டத்துச் சாளையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னுங்மா அவ்வளவு சத்தம்?"

"மழை கண்ணு. மத்தியானத்துல இருந்து உடாமப் பேயுது. அங்கெ..."

நிறுத்திக்கொண்டாள்.

"அங்கெ என்னுங்மா?"

"ஒண்ணுமில்ல சாமி. காது எப்புடி இருக்குது?"

"கொஞ்சம் பரவால்லீங்மா. டாக்டரு..."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் எங்கேயோ ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தட்டி, போகிற ஊர்களை வரிசையாகச் சொல்லிக் கூவத் தொடங்கினார். கருப்பாத்தாள் சட்டென்று போனைக் காதிலிருந்து எடுத்து, மடியில் கவிழ்த்து, மேலே முந்தானையைப் போட்டுக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மகளின் குரலும் சேர்ந்து அடங்கிப்போயிற்று. பஸ் கிளம்பிப் போகிற அளவுக்கு மனசுக்குள் மெல்ல எண்ணிவிட்டு, பிறகுதான் எடுத்துக் காதில் வைத்தாள்.